துலக்கிய அச்சு

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், தம்பி. தேர் கவிழவில்லை. உங்கள் ஊரில் கவிழ்ந்தது என்று பேசிக்கொள்வதாக வாசலிலேயே சொன்னீர்கள், அது தவறு. இடப்பக்கத்து முன்சக்கரம் வெளியே சரிந்தது, தேர் அப்படியே நின்றது. நடந்தது அவ்வளவுதான். நடந்ததை நடந்தபடி கேட்டுக்கொள்ள முடியுமானால் உட்காருங்கள், சொல்கிறேன்.

அந்தச் சன்னலை மட்டும் சாத்திவிடுங்கள். பக்கத்து வீட்டில் தரைக்கு டைல்ஸ் அறுக்கிறார்கள். தூசி வருகிறது. நன்றி.

பங்குனியில் உங்கள் ஊர்த் தேர் ஓட வேண்டும்; அதற்கு முன் அதன் அச்சை நான் சோதித்துச் சான்று தர வேண்டும் என்று கேட்டு வந்திருக்கிறீர்கள். தருவதா இல்லையா என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை. சென்ற சித்திரையில் எங்கள் ஊரில் நடந்ததை ஊர் வாயால் கேட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். என் வாயாலும் கேட்டுவிடுங்கள். பிறகு நீங்கள் முடிவு செய்யலாம், நானும் முடிவு செய்யலாம்.

நான் யார் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தாலும் சொல்வது முறை. பெங்களூரில் வானூர்தி எஞ்சின்களைப் பிரித்துப் பழுதுபார்க்கும் நிலையம் ஒன்றில் விரிசல் சோதனைப் பிரிவுக்குத் தலைமை வகித்தவள். நான் கையெழுத்திட்ட எந்தப் பாகமும் வானத்தில் உடைந்ததில்லை. ஓய்வு பெற்ற பிறகு, கணவரின் வீடு இங்கே பூட்டிக் கிடந்ததால் இங்கே வந்தேன். இந்த ஊரில் எனக்கு என்ன பெயர் தெரியுமா? ஆசிட் டீச்சர். நான் ஒருநாள்கூட எந்தப் பள்ளியிலும் பாடம் நடத்தியதில்லை. டீச்சர் என்பது எங்கிருந்து வந்தது என்று எனக்கு விளங்கவே இல்லை.

சென்ற சித்திரைக்கு முந்தைய ஆண்டுத் தேரோட்டத்தில் தெற்கு வீதி திரும்பும்போது அடியில் ஒரு சத்தம் கேட்டது. பழைய கதவு கீல் முனகுவதுபோல. எல்லோருக்கும் கேட்டது, மாடியில் நின்ற எனக்கே கேட்டது. மரச்சக்கரங்களையும் மர அச்சுகளையும் மாற்றி இரும்பு போட்டு ஒரு தலைமுறை ஆகிறது. அந்த இரும்பை அதன் பிறகு யாரும் திரும்பிப் பார்த்ததில்லை. எண்ணெய் விடுவார்கள், மஞ்சள் துணி கட்டுவார்கள், கற்பூரம் காட்டுவார்கள். இரும்புக்கு இவை எவையும் தெரியாது.

திருப்பணிக் குழுத் தலைவர் வைரப்பன், அரிசி ஆலை வைத்திருக்கிறாரே அவர், நேரில் வந்து என்னைக் கேட்டுக்கொண்டார். நான் போகவில்லை, அவர்தான் வந்தார். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். “அம்மா, பிளேன் ஓட விட்டவங்க நீங்க. எங்க தேரையும் கொஞ்சம் பாத்துக் குடுங்க” என்றார். பார்க்கிறேன் என்றேன்.

பார்த்தேன். சக்கரங்களைக் கழற்றித் தேரைத் தேர்முட்டியில் முட்டுக்கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். அச்சுகள் நான்கு முனைகளிலும் வெள்ளிப் பாத்திரம்போல் மின்னின. பட்டறைக்காரர் மாசிலாமணி பக்கத்திலேயே நின்றார், மாப்பிள்ளை வீட்டாருக்குப் பெண்ணைக் காட்டும் தகப்பனைப்போல. கையில் அரைக்கும் இயந்திரம். “எப்படிம்மா? மூணு நாளா இதே வேலை. துரு ஒரு பொட்டு கிடையாது. நேத்தே கும்மோணத்துலேந்து ஆள வரவச்சு சிவப்பு மருந்து அடிச்சுப் பாத்தாச்சு. ஒரு கீறல் காட்டல.”

“காட்டாது” என்றேன்.

அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். ஈரமான களிமண் தரை காய்ந்து வெடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வெடிப்பின்மேல் மறுபடி கொஞ்சம் ஈரம் பட்டதும் உள்ளங்கையால் வழித்துவிட்டால் வெடிப்பு கண்ணுக்கு மறைந்துவிடும். தரையில் அது அப்படியே இருக்கும். இரும்பும் அப்படித்தான். சாணைச் சக்கரம் வைத்து அரைத்தால், மெருகேற்றினால், மேற்பரப்பிலுள்ள உலோகம் இழுபட்டு விரிசலின் வாய்மேல் தோல்போல் படர்ந்து மூடிக்கொள்ளும். சிவப்புச் சாயம் உள்ளே போக வழி இல்லை. உள்ளே போகாத சாயம் வெளியே வந்து காட்டவும் வழி இல்லை. சாயத்தைத் துடைத்துவிட்டு மேலே அடிக்கும் வெள்ளைப் பூச்சு, சிவப்புக் கோடு எழாமல் வெள்ளையாகவே இருக்கும், பார்க்கிறவர் மகிழ்ச்சியாக வீட்டுக்குப் போவார். ஆகையால் சாயம் தடவுவதற்குமுன் அமிலம் தடவி அந்தத் தோலை அரித்து எடுக்க வேண்டும். மிகச் சிறிதளவு, வெங்காயச் சருகில் பாதிகூட இராது. விரிசலின் வாய் திறந்தபிறகே சாயம். மின்னும் பரப்பில் செய்த சோதனையை நான் சோதனையாகவே கணக்கில் எடுப்பதில்லை.

மாசிலாமணி தலையைச் சொறிந்தார். “அப்ப நான் மூணு நாளாப் பண்ணினது?”

“கேடு” என்றேன். உண்மையை வேறு எப்படிச் சொல்வது?

குழுவைக் கூட்டச் சொன்னேன். ஒழுங்கு என்று ஒன்று இருக்கிறதல்லவா? கோயில் அலுவலக அறையில் உட்கார்ந்தோம். நைட்ரிக் அமிலத்தைச் சாராயத்தில் கலந்த கரைசல் வேண்டும் என்று சொன்னேன். ஒருவர் மெதுவாக, “சாமி தேருக்குச் சாராயமாம்மா?” என்றார். ஆய்வுக்கூடத்தில் பயன்படும் ஸ்பிரிட், குடிக்கும் சரக்கன்று என்று விளக்கினேன். வைரப்பன் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, “அச்சு தள்ளாடாம இருந்தாச் சரி” என்றார். சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. குருக்கள்தான் முடித்துவைத்தார்: “கற்பூரமும் காத்தோட போறது, ஸ்பிரிட்டும் காத்தோட போறது. அம்மா செய்யட்டும். பின்னாடி நான் புண்யாஹம் பண்ணிக்கறேன்.” படித்தவர் இல்லை என்று நான் நினைத்திருந்தேன், அறிவுள்ளவர்.

அந்த நேரத்தில்தான் சன்னாசி வாசலில் வந்து நின்றார்.

சன்னாசி யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டாம், இருந்தாலும் சொல்கிறேன். தேர் ஓடும்போது சக்கரத்துக்கு முன்னால் முட்டுக்கட்டை போடுகிறவர். ஆயிரம் பேர் இழுக்கும் தேரை ஒரு கட்டை கொடுத்துத் திருப்புவதும் நிறுத்துவதும் அவர் வேலை. அவர் தகப்பனாரும் அதையே செய்தார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, உள்ளே வராமல், நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“என்ன சன்னாசி?” என்று வைரப்பன் கேட்டார்.

“ஒண்ணுமில்லீங்க. அச்சு துலக்கறது என்னிக்கின்னு கேட்டுட்டுப் போவலாம்னு.”

கூட்டத்தின் நடுவே இப்படி வந்து நிற்பது எனக்குப் பழக்கமில்லாத காரியம். எங்கள் நிலையத்தில் கூட்டம் நடக்கும் அறைக்கு வெளியே சிவப்பு விளக்கு எரியும். தீப்பிடித்தால்கூடத் தட்டிவிட்டுத்தான் வருவார்கள். “கூட்டம் நடந்துகொண்டிருக்கிறது. முடிந்தபின் வாருங்கள்” என்றேன். மரியாதையாகத்தான் சொன்னேன். ‘வாருங்கள்’ என்றுதான் சொன்னேன். அவர், “சரிங்கம்மா” என்று ஒதுங்கிக்கொண்டார். பிறகு வந்தாரா, இல்லையா, எனக்குத் தெரியாது. துலக்குவது கோயில் வழக்கம். அதில் நான் தலையிடுவதில்லை.

அவர் போனபின் நான் நிபந்தனையைச் சொன்னேன். ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன். அமிலம் தடவிய நேரத்திலிருந்து சாயச் சோதனை முடியும்வரை அச்சை எவரும் தொடக்கூடாது. துணியால்கூடத் துடைக்கக் கூடாது. குழு ஏற்றுக்கொண்டது, தீர்மானமாக எழுதப்பட்டது. நான் அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். இரண்டு முறை கேட்டேன். ஒரு மனிதரால் இதற்குமேல் என்ன செய்ய முடியும்?

அமிலம் தடவியது ஒரு பிற்பகலில். கரைசலை நானே கலந்தேன். மாசிலாமணியிடம் விட்டால் சாம்பார் தாளிப்பதுபோல் ஊற்றுவார். அமிலம் படக்கூடாத இடங்களுக்கு மெழுகு பூசி, சக்கரத்துக்குள் போவதற்காக அச்சு மெலிகிறதே, அந்தத் தோள்பட்டையை மட்டும் திறந்து வைத்தோம். இடுக்கியில் பஞ்சு. மெதுவாகத் தடவினால் மினுமினுப்பு மங்கி, மங்கி, விபூதிப் பையின் உட்புறம்போல் ஒரு சாம்பல் நிறம் வரும். அந்த நிறம் வந்ததும் நிறுத்திவிட வேண்டும். தண்ணீர், பிறகு சமையல் சோடா கரைத்த தண்ணீர், மறுபடி தண்ணீர். விரிசலுக்குள் அமிலம் தங்கினால் அது தனிக்கேடு. உலர்த்தி, துருப்பிடிக்காமலிருக்கத் தையல் இயந்திர எண்ணெய் ஒரு பூச்சு. அந்த எண்ணெயைச் சாயம் அடிக்கிறவரே மறுநாள் கழுவிக்கொள்வார்.

மாசிலாமணிக்கு மனம் ஆறவில்லை. “கண்ணாடி மாதிரி வச்சிருந்தத இப்படி அடுப்புச் சாம்பலாக்கிட்டீங்களேம்மா. பாக்கறவங்க என்னத்தாம்மா சொல்லுவாங்க.”

“பார்க்க வேண்டியவள் நான்” என்றேன். “எனக்கு இது போதும்.”

உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தேன். மூன்று முனைகளில் ஒன்றுமில்லை. இடப்பக்கத்து முன்முனையில், தோளின் வளைவில், மயிரிழைபோல் ஏதோ ஒன்று. விரிசலாக இருக்கலாம், பழைய கடைசல் கீறலாகவும் இருக்கலாம். வெறும் கண்ணை நம்பி ஒன்றும் சொல்லக்கூடாது என்பதே என் தொழிலில் முதல் பாடம். நாளைக்குச் சாயம் சொல்லட்டும் என்று எழுந்துவிட்டேன்.

இப்போது நான் சொல்லப்போவதுதான் என் குறை. இதைத்தான் இந்த ஊரில் ஒருவரும் கேட்க மாட்டேன் என்கிறார்கள்.

மறுநாள் காலை ஏழு மணிக்குக் கார் அனுப்புவதாக வைரப்பன் சொல்லியிருந்தார். அவர் வாயால் சொன்னது. திருச்சியிலிருந்து ஜெரால்டு என்றொரு பரிசோதகர் வருகிறார், அவர் எட்டு மணிக்குத் தொடங்குவார், அதற்குமுன் அம்மா வந்து அச்சைப் பார்த்துவிடலாம் என்று ஏற்பாடு. ஆறரைக்கெல்லாம் குளித்து, உடுத்தி, இதோ இந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். ஏழு ஆயிற்று. கார் இல்லை. ஏழரை. இல்லை.

கோயில் எவ்வளவு தூரம் என்று கேட்கிறீர்களா? வரும்போது பார்த்திருப்பீர்களே, குளத்துக்கு அந்தப்பக்கம். தூரத்தைப் பற்றிய பேச்சே அன்று இது. அழைத்தவர்கள் சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டும். கார் அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு அனுப்பாத இடத்துக்கு, முந்தானையைச் சொருகிக்கொண்டு தெருவில் நடந்து போய் நிற்க நான் யார், சுண்டல் வாங்கப் போகிறவளா? பெங்களூரில் என்னை அழைத்துப்போக வண்டி வராத நாளே இல்லை. நான் இல்லாமல் ஆய்வைத் தொடங்கிய நாளும் இல்லை.

அப்படி உட்கார்ந்திருக்கையில் கோயில் பக்கமிருந்து மின்சார இயந்திரம் ஒன்று ஓடும் சத்தம் கேட்டது. விர்ரென்று கொஞ்ச நேரம், நின்று, மறுபடி கொஞ்ச நேரம். திருவிழாக் காலத்தில் பந்தல்காரர்கள் எதையாவது அறுத்துக்கொண்டுதான் இருப்பார்கள். நான் செய்தித்தாளைப் படித்துக்கொண்டிருந்தேன்.

கார் ஒன்பது மணிக்கு வந்தது. ஏன் தாமதம் என்று ஓட்டுநரைக் கேட்டால், கும்பகோணம் பஸ் ஸ்டாண்டில் ஜெரால்டை ஏற்றிக்கொள்ளப் போயிருந்ததாம். சாயம் அடிக்க வந்தவருக்கு முதலில் கார். எனக்கு அதற்குப் பிறகு. இதைத்தான் சொல்கிறேன்.

போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிகிற நிலை. எண்ணெயைக் கழுவி, சிவப்புச் சாயம் அடித்து, ஊறவைத்து, துடைத்து, வெள்ளைப் பூச்சும் அடித்துவிட்டார்கள். நான்கு முனைகளும் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை. ஜெரால்டு நல்ல பையன். என் பெயரைக் கேள்விப்பட்டிருந்தார். எழுந்து நின்று வணக்கம் சொன்னார். “மேடம், இவ்வளவு சுத்தமா பிரெப்பரேஷன் பண்ணி நான் எந்த ஊர்லயும் பார்த்ததில்லை” என்றார். என் வேலையைத்தான் பாராட்டுகிறார் என்று எடுத்துக்கொண்டேன். வேறு யார் வேலையை?

நாற்காலி போட்டார்கள். டார்ச் அடித்துப் பார்த்தேன். இடப்பக்கத்து முன்முனையைத் தனியாக, நீண்ட நேரம் பார்த்தேன். ஒரு சிவப்புக் கோடு இல்லை, ஒரு புள்ளி இல்லை. அப்படியானால் நேற்றுப் பார்த்த மயிரிழை கடைசல் கீறல். ஐயம் இருந்தது, சோதனை ஐயத்தைத் தீர்த்தது. சோதனை எதற்காக இருக்கிறது? கையெழுத்திட்டேன். வைரப்பன் தேங்காய் உடைத்தார்.

வெள்ளைப் பூச்சுக்கு அடியில் சாம்பல் நிறமா, மினுமினுப்பா என்று ஒரு விநாடி பார்த்திருந்தால் போதும். ஒரே விநாடி. ஏழு மணிக்குக் கார் வந்திருந்தால் பார்த்திருப்பேன். ஏழு மணி என்றால் ஏழு மணி என்று நான் சொல்வதன் பொருள் இப்போது உங்களுக்கு விளங்கும்.

தேரோட்டத்தன்று நான் மாடியில் நின்றேன். வடம் பிடிக்கக் கூப்பிட்டார்கள். கூட்டத்தில் இடிபட எனக்கு விருப்பமில்லை. கிழக்கு வீதி நன்றாக வந்தது. தெற்கு வீதி முழுதும் வந்தது. திருப்பத்தில் சன்னாசி முட்டுக்கட்டையோடு குனிவது எனக்குத் தெரிந்தது; மஞ்சள் துண்டு கட்டியிருந்தார். அந்த முனகல் கேட்கவில்லை. கேட்டது வேறு. பெரிய மரக்கிளை முறிகிற சத்தம். சக்கரம் வெளியே மல்லாந்தது. தேர் ஒரு முழம் இறங்கிற்று. அங்கேயே நின்றது.

ஏன் நின்றது என்றால், கட்டை சரியான இடத்தில் இருந்தது. கட்டையைப் போட்டுவிட்டு விலகுவதுதான் முறை. சன்னாசி விலகவில்லை. கட்டை நழுவுகிறது என்று தெரிந்து அதைக் காலால் உதைத்துப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார். தேருக்கு அந்தப்பக்கம் முழுக்கப் பெண்கள், குழந்தைகள். அவர் காலைத் தவிர யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வலக்கால். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் உடைந்த அச்சை நான் பார்த்தேன். கார் அனுப்பினார்கள், நேரத்துக்கு வந்தது. உடைந்த முகத்தில் கட்டைவிரல் நக வடிவில் ஒரு கருப்புப் பகுதி. பல ஆண்டுகளாக எண்ணெயும் துருவும் புகுந்த பழைய விரிசல். மீதியெல்லாம் அன்று முறிந்த புது இரும்பு, வெண்மையாக. விரிசல் தொடங்கிய இடம் நான் கண்ணாடி வைத்துப் பார்த்த அதே இடம். அந்த மயிரிழை. அதில் எனக்கு வியப்பில்லை. என் கண் பிழை செய்வதில்லை. உடைந்த துண்டைத் திருப்பி மேற்பரப்பைப் பார்த்தேன். சாம்பல் இல்லை. என் முகம் தெரிந்தது.

மாசிலாமணியைக் கூப்பிட்டேன். “இதை மெருகேற்றியது யார்?”

அவருக்கு என் கேள்வியே புரியவில்லை. “சன்னாசிதாம்மா. சோதனை அன்னிக்கு விடியக்காலம் மிஷின்ல மாட்டித் தேய்க்கிற பஃப் சக்கரம் கேட்டு வாங்கிட்டுப் போனான். வருசா வருசம் வாங்கறதுதானே. முன்னாடியெல்லாம் புளியும் செங்கல்தூளும் போட்டுத் தேய்ப்பாங்க, அவுங்க அப்பா காலத்துல. சக்கரம் மாட்றதுக்கு முந்தி அச்சு துலக்கறது அவுங்க வீட்டு உரிமைம்மா. குருக்களே அதுல கை வைக்க முடியாது.”

சாம்பலாகக் கிடந்த அச்சைப் பார்த்து சன்னாசி என்ன நினைத்திருப்பார்? யாரோ சாமி அச்சைக் கறைப்படுத்திவிட்டார்கள் என்று நினைத்திருப்பார். கறை போகத் தேய்த்திருக்கிறார். நான் திறந்த வாயை அவர் மூடிவிட்டார். தீர்மானம் இருந்ததே என்றேன் வைரப்பனிடம். எழுதியிருந்ததே, வாசித்தீர்களே. அவர் நெற்றியைத் தடவிக்கொண்டு, “எழுதினோம்மா. அவன்கிட்ட யார் சொல்றதுன்னு யாரும் நெனைக்கல” என்றார். பாருங்கள், ஒரு குழுவின் லட்சணம்.

பிறகு அவரே சொன்னார்: “இத சன்னாசிக்குத் தெரிய விட வேணாம்மா. கால் போச்சு. இதுவும் தெரிஞ்சா மனுசன் இருக்க மாட்டான்.” அது ஊர் விவகாரம். உலோகத்தைப் பற்றிக் கேட்டால் உலோகத்தைப் பற்றிச் சொல்வேன்.

மருத்துவமனைக்கு ஒருமுறை போனேன். போக வேண்டியது முறை. பொது வார்டு, பக்கத்துக் கட்டில்காரர்களெல்லாம் எழுந்து உட்கார்ந்து பார்த்தார்கள். சன்னாசியின் மனைவி, தெய்வானை என்று பெயர், டம்ளரில் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “கார்லயா வந்தீங்க?” என்றாள்.

“ஆமாம்.”

“இன்னிக்கு நேரத்துக்கு வந்துருச்சாக்கும்.”

 அது பதில் வேண்டிக் கேட்ட கேள்வி அன்று.

சன்னாசிதான் அவளை அடக்கினார். “சும்மா இரு. அம்மா, உக்காருங்கம்மா.” உட்கார்ந்தேன். போர்வைக்கடியில் ஒரு பக்கம் தட்டையாக இருந்தது. நான் சன்னலைப் பார்த்தேன். அவரே பேசினார். “ஒங்க மேல ஒரு குத்தமும் இல்லம்மா. நீங்க பாத்துட்டீங்க, சரியாத்தான் பாத்திருப்பீங்க. தப்பு எம்மேலதான். அன்னிக்கு அச்செல்லாம் ஒரே கறைம்மா. எந்த வருசமும் அப்படி இருந்ததில்ல. கரண்டு வேற வந்து வந்து போச்சு. மூஞ்சி தெரியற வரைக்கும் தேச்சேன். ஆனா அந்த இடதுபக்கம் ஓரத்துல இன்னும் கொஞ்சம் தேச்சிருக்கணும். கொஞ்சம் கறைய விட்டுட்டேன். சாமிக்குக் குறை வச்சுட்டேன், அது என் காலை எடுத்துக்கிச்சு. சரியாப் போச்சு.”

ஓய்வெடுங்கள் என்று சொல்லிவிட்டு எழுந்தேன். வேறு என்ன சொல்வது? உலோகம் இழுபட்டு மூடுவதை எல்லாம் அந்த நிலையில் ஒருவருக்கு விளக்க முடியுமா? விளக்கினால் விளங்குமா? ஒன்றை மட்டும் நீங்கள் கவனிக்க வேண்டும்: என் மேல் குற்றமில்லை என்று அவரே, தம் வாயால், அத்தனை பேர் கேட்கச் சொன்னார். ஆசிட் டீச்சர் என்கிறவர்கள் அதை எங்கும் சொல்வதில்லை.

இதுதான் நடந்தது.

அந்தச் சன்னல் சரியாகச் சாத்தியிருக்கிறதா பாருங்கள். இன்னும் கேட்கிறதே. இல்லையா? அறுப்பதை நிறுத்திவிட்டார்களா, எப்போது? நான் பேசிக்கொண்டிருக்கும்போதா? அப்படியா. எனக்குக் கேட்டுக்கொண்டிருப்பதுபோல் இருந்தது. தூசிதான் காதை அடைக்கிறது. கொஞ்ச நாளாகப் பக்கத்து வீட்டில் மாவு அரைத்தாலும் சாத்திவிடுகிறேன்.

சரி. உங்கள் ஊர் விஷயத்துக்கு வருவோம். உங்கள் அச்சையும் ஏற்கெனவே அரைத்துவிட்டார்களா? நினைத்தேன். அமிலம் தடவாமல் எந்தச் சோதனையும் பயனில்லை. அதை நானே செய்கிறேன். உங்கள் ஊரில் முட்டுக்கட்டை யார்? அய்யாக்கண்ணுவா. சன்னாசிக்கு என்ன உறவு? கூடப் பிறந்த தம்பியா? அப்படியா.

அண்ணன் சொல்லி அனுப்பியிருக்கிறாரா? என்னவென்று? கறை ஒரு பொட்டு இல்லாமல் தேய்க்க வேண்டும், நான் விட்ட குறையை நீ விட்டுவிடாதே என்றா. அதற்காகப் புது பஃப் சக்கரம் வாங்கி வைத்திருக்கிறாரா.

தண்ணீர் கொஞ்சம் எடுங்கள். அந்தச் செம்பில் இருக்கிறது. நன்றி.

நீங்கள் சொல்வது எனக்குக் கேட்கிறது, தம்பி. நான் ஒரு நடை போய் அய்யாக்கண்ணுவிடம் நேரில் சொன்னால் கேட்டுக்கொள்வார் என்கிறீர்கள். அண்ணனிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் நல்லது என்கிறீர்கள். சன்னாசி வீடு இங்கேதான், குளத்தங்கரையில், தெரியும். மாடியில் நின்றால் அவர் கோலை ஊன்றிக்கொண்டு வாசலில் நடந்து பழகுவது தெரிகிறது. ஆனால் யார் யாரிடம் சொல்ல வேண்டும் என்று ஒரு முறை இருக்கிறது. அய்யாக்கண்ணு உங்கள் குழுவில் இருக்கிறாரா? இல்லையல்லவா. பிறகு? அமிலம் தடவியபின் எவரும் தொடக்கூடாது என்று உங்கள் குழுவில் நானே வந்து சொல்கிறேன். இம்முறை தீர்மானத்தை மூன்று முறை வாசிக்கச் சொல்வேன். அதை உரியவர்களுக்குச் சொல்வது குழுவின் பொறுப்பு. என் பொறுப்பு அச்சு.

வருகிறேன். முடிவு செய்துவிட்டேன், வருகிறேன். அமிலமும் மெழுகும் நான் கொண்டுவருவேன். காலை ஏழு மணிக்குக் கார் அனுப்புங்கள். வேறு யாரையும் ஏற்றிக்கொள்ளப் போகக்கூடாது, நேரே இங்கே. ஆறரைக்கெல்லாம் உடுத்தி ஆயத்தமாக இருப்பேன். ஏழு மணிக்குக் கார் வந்தால் வருவேன்.

வராவிட்டால், இதே நாற்காலியில்தான் இருப்பேன். போகும்போது அந்தச் சன்னலை இன்னொருமுறை அழுத்திச் சாத்திவிட்டுப் போங்கள்.